இரண்டு விதிநூல்கள், ஒரு கோப்பை: கும்பகோணத்தில் கிடைக்கும் ஐஸ் ஹாக்கித் தாயப் பெட்டி

கும்பகோணம் மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில், பல்லாங்குழிகளுக்கும் பரமபத அட்டைகளுக்கும் பக்கத்தில், கனடாவின் ஐஸ் ஹாக்கி வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட மரப்பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கிழக்குக் கனடாவின் தொழில்முறை லீகும் பசிபிக் கரையோரத்து லீகும் ஸ்டான்லி கோப்பைக்காக 1917 முதல் 1920 வரை மோதிய நான்கு தொடர்களை, தாயக்கட்டை உருட்டி இருவர் ஆடும் பலகை விளையாட்டாக அமைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருபுறமும் வண்ணம் தீட்டிய ஒரு பலகை, ஐந்து அணிகளுக்கான கடைசல் காய்கள், ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை, பித்தளையில் கடைந்த சிறு வில்லை, தொடருக்கு ஒன்றாக நான்கு சீட்டுக்கட்டுகள், ஒரு விதிக் கையேடு ஆகியவை இருக்கின்றன. விலை 1,450 ரூபாய்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். பழைய விளையாட்டு வரலாற்றைப் பொம்மையாக்கி விற்பவர்கள் பெரும்பாலும் உடையின் நிறத்தையும் வீரர்களின் பெயரையும் மட்டும் சரியாகப் போட்டுவிட்டு, ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்பதைக் கோட்டை விட்டுவிடுவார்கள். இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் அந்தத் தொடர்களின் உயிர்நாடி எது என்று அறிந்து, அதைப் பலகையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். 1919ஆம் ஆண்டுத் தொடரில் இரண்டு இடங்களில் அவர்கள் தவறியிருக்கிறார்கள். ஒன்று கவனக்குறைவு, மற்றொன்று என் மனத்துக்கு ஒப்பாத முடிவு. இரண்டையும் விரிவாகச் சொல்லத்தான் இந்த மதிப்புரை.

பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1892இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு அளித்த வெள்ளிக் கிண்ணம், முதலில் சவால் விட்டு ஆடி வென்று எடுத்துக்கொள்ளும் பரிசாக இருந்தது. 1909 டிசம்பரில் கிழக்கே என்.எச்.ஏ. என்ற தொழில்முறை லீக் உருவானது. 1911 டிசம்பரில், லெஸ்டர் பேட்ரிக், ஃபிராங்க் பேட்ரிக் என்ற சகோதரர்கள், தந்தை தம் மர வியாபாரத்தை விற்றதால் கைக்கு வந்த பணத்தைக் கொண்டு, மேற்குக் கரையில் பி.சி.எச்.ஏ. என்ற போட்டி லீகைத் தொடங்கினார்கள். மேற்குக் கரையின் குளிர்காலம் மிதமானது. ஏரி குளம் உறைந்து ஆடுகளமாகும் என்று அங்கே காத்திருக்க முடியாது. ஆகவே வான்கூவரிலும் விக்டோரியாவிலும் கனடாவின் முதல் செயற்கைப் பனித்தள அரங்குகளை அவர்கள் கட்டினார்கள். தரைக்கடியில் குழாய் பதித்து, அம்மோனியாவின் உதவியால் குளிரூட்டிய உப்புநீரை அதில் ஓடவிட்டு, மேலே ஊற்றிய நீரை உறையவைப்பது முறை. நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றுமதிக்குக் கட்டி ஐஸ் தயாரிக்கும் ஆலைகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே புரிந்துவிடும். அரங்கம் எழுந்ததும் ஆட்கள் வேண்டுமே. கிழக்கே பேர்பெற்றிருந்த நியூசி லலோண்ட், 'சைக்ளோன்' டெய்லர் போன்றவர்களைக் கூடுதல் சம்பளம் கொடுத்து மேற்கே இழுத்தார்கள். இரு லீகுகளுக்கும் இடையிலான பகை அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் பகையிலும் வருமானம் உண்டு என்பதை இரு தரப்பும் விரைவில் கண்டுகொண்டன. 1914 முதல், பருவம் முடிந்ததும் இரு லீகுகளின் சாம்பியன்களும் ஐந்து ஆட்டத் தொடரில் மோதுவது, ஓராண்டு கிழக்கே என்றால் மறு ஆண்டு மேற்கே என்று இடத்தை மாற்றிக்கொள்வது என்ற ஏற்பாடு நடப்புக்கு வந்தது. விருந்தாளி அணி கண்டத்தைக் குறுக்கே கடந்து நாள்கணக்கில் ரயிலில் வரவேண்டும். 1917 நவம்பரில் என்.எச்.ஏ. கலைந்து அதன் இடத்தில் என்.எச்.எல். பிறந்த பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவே இல்லை. இரண்டு லீகுகளும் ஒரே ஆட்டத்தை ஆடவில்லை. கிழக்கே 1911–12 பருவத்திலேயே 'ரோவர்' என்ற ஏழாவது ஆட்டக்காரரை நீக்கி, அணிக்கு ஆறு பேர் என்று ஆக்கிவிட்டார்கள். மேற்கே அந்த ரோவர் 1922 வரை நீடித்தார். பனித்தளத்துக்குக் குறுக்கே நீலக் கோடுகளை இட்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, நடுப்பகுதியில் பந்துக்கு இணையான வில்லையை முன்னால் நிற்கும் தோழனுக்குத் தள்ளலாம் என்று மேற்கே அனுமதித்தார்கள்; கிழக்கே வில்லையைப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க முடியும். மேற்கே கோல்காப்பாளர் விழுந்து புரண்டு தடுக்கலாம். கிழக்கே நின்றபடியேதான் தடுக்க வேண்டும், விழுந்தால் தண்டம். இந்த வேறுபாடுகளைத் தீர்க்க முடியாமல், கடைசியில் முதல் ஆட்டம் ஒரு லீகின் விதிப்படி, இரண்டாவது ஆட்டம் மற்றொரு லீகின் விதிப்படி என்று மாற்றி மாற்றி ஆடுவதென முடிவு செய்தார்கள். ஒரே தொடர், ஒரே கோப்பை, அதே வீரர்கள். அடுத்த ஆட்டத்துக்கு இறங்கும்போது எண்ணிக்கை வேறு, அனுமதி வேறு. உலக விளையாட்டு வரலாற்றில் உச்சப் பரிசொன்றை இப்படித் தீர்மானித்தது அபூர்வம். இந்த அபூர்வத்தைத்தான் பெட்டியைச் செய்தவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

பலகையைத் திருப்பிப் போட்டால் ஆட்டம் மாறுகிறது. ஒரு பக்கம் மேற்கு: நீளவாக்கில் 21 கட்டங்கள், ஏழு ஏழாக மூன்று பகுதிகள், பகுதிகளுக்கிடையே நீலக் கோடு, ஒவ்வோர் அணிக்கும் ஏழு தொடக்கப் புள்ளிகள். மறுபக்கம் கிழக்கு: அதே 21 கட்டங்கள், குறுக்குக் கோடுகள் இல்லை, ஆறு புள்ளிகள். ஆட்டம் முடிந்ததும் காய்களை எடுத்துவிட்டுப் பலகையைப் புரட்டி, ரோவர் காயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். கையேட்டைப் படிக்காதவர்கூட அந்தச் செயலிலேயே இந்தத் தொடர்களைப் புரிந்துகொண்டுவிடுவார்.

தாயக்கட்டையைத் தேர்ந்தெடுத்ததும் நல்ல முடிவு. சாதாரணப் பகடையில் ஆறு எண்களுக்கும் சமவாய்ப்பு. தாயக்கட்டையில் அப்படி இல்லை. பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகங்கள் கொண்ட இரு கட்டைகள் உருளும்போது விழக்கூடிய 16 வகைகளில் மூன்று விழுவது நான்கு, இரண்டும் நான்கும் மூன்று மூன்று, தாயமும் ஐந்தும் இரண்டு இரண்டு, ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்று. இந்த ஏற்றத்தாழ்வை ஆட்டத்தில் நன்கு பயன்படுத்தியிருக்கிறார்கள். கோலுக்கு முன்னுள்ள கட்டங்களிலிருந்து அடிக்கும்போது ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய மூன்றில் ஒன்று விழுந்தால் கோல். அதாவது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தொலைவிலிருந்து அடித்தால் பன்னிரண்டு மட்டும்தான் கோல். காய் நகர்த்துவதற்குச் சிறிய எண்களே அடிக்கடி வருவதால், கிழக்கு விதியில் வில்லையோடு முன்னேறுவது சிரமமாகவும், மேற்கு விதியில் நடுப்பகுதியில் முன்னால் தள்ளிவிடும் உரிமை பெரிய வரமாகவும் அமைந்துவிடுகிறது. தாயம் விழுந்தால் எதிராளியின் கையிலிருந்து வில்லையைப் பறிக்கலாம் என்ற விதியும் உண்டு. தாயத்துக்காக ஏங்கி உட்கார்ந்து பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள் இதை ஒரே முறை சொன்னதும் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான்கு தொடர்களில் இந்தப் பெட்டிக்குப் பொருத்தமானது 1918ஆம் ஆண்டுத் தொடர்தான். டொரண்டோவில் நடந்த அந்தத் தொடரில் வான்கூவர் மில்லியனேர்ஸ் விருந்தாளி. ஒன்று, மூன்று, ஐந்தாம் ஆட்டங்கள் கிழக்கு விதிப்படி. இரண்டும் நான்கும் மேற்கு விதிப்படி. கிழக்கு விதியில் ஆடிய மூன்றையும் டொரண்டோ வென்றது, மேற்கு விதியில் ஆடிய இரண்டையும் வான்கூவர் வென்றது. டொரண்டோ பக்கம் 5–3, 6–3, 2–1. வான்கூவர் பக்கம் 6–4, 8–1. கூட்டிப் பார்த்தால் வான்கூவர் 21 கோல்கள், டொரண்டோ 18. கூடுதலாகக் கோல் அடித்தவர்கள் கோப்பையை இழந்தார்கள். ஐந்தாம் ஆட்டம் எவர் விதியில் நடக்கும் என்பதே போதுமானதாக இருந்தது. கோர்பெட் டெனனி அடித்த கடைசி கோல் டொரண்டோவுக்குக் கோப்பையைக் கொடுத்தது. வான்கூவரின் டெய்லர் அந்தத் தொடரில் ஒன்பது கோல்கள் அடித்தும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

எங்கள் வீட்டில் இதை ஆடியபோது என் அக்கா மகள் வான்கூவர் பக்கம் இருந்தாள். நான்காம் ஆட்டத்தில் என்னை நன்றாகத் துவைத்தெடுத்த பிறகு, ஐந்தாம் ஆட்டத்துக்காகப் பலகையைப் புரட்டியதும் ரோவர் காயைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, இவ்வளவு நேரம் நல்லா ஆடுனவரை இப்போ எதுக்கு வெளியில உட்கார வைக்கணும்? நாம ஆடுறது ஒரே கோப்பைக்குத்தானே?" என்று கேட்டாள். "வான்கூவர்காரங்களுக்கும் இதே வயித்தெரிச்சல்தான் இருந்திருக்கும், அம்மாடி" என்றேன். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் ஒரு பிள்ளையிடம் வரவழைக்க முடியாத கேள்வி அது. விளையாட்டுப் பொருளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

1917ஆம் ஆண்டுத் தொடர், விதிகளே எல்லாம் அல்ல என்பதற்குச் சான்று. சியாட்டிலுக்கு வந்த மாண்ட்ரியல் கனடியன்ஸ், பழக்கமில்லாத ஏழு பேர் விதியில் ஆடிய முதல் ஆட்டத்தை 8–4 என்று வென்றது. அதன்பின் சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் 6–1, 4–1, 9–1 என்று இரு விதிகளிலும் புரட்டி எடுத்தது. பெர்னி மோரிஸ் நான்கு ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்தார். அவற்றில் ஆறு கடைசி ஆட்டத்தில். அமெரிக்க அணி ஒன்று ஸ்டான்லி கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. சீட்டுக்கட்டில் மோரிஸுக்கு அளித்திருக்கும் கூடுதல் வீச்சு நியாயமானதே. கிழக்கு விதி ஆட்டங்களில் கோல்காப்பாளர் விழுந்து தடுத்தால் தண்டம் என்ற விதியை இந்தத் தொடருக்கு வைத்துவிட்டு, 1918 தொடருக்கு எடுத்துவிட்டிருப்பதையும் குறிப்பிட வேண்டும். என்.எச்.எல். அந்தத் தடையை 1918 ஜனவரியில் நீக்கியது. இவ்வளவு நுட்பமாகத் தேதி பார்த்தவர்கள் பின்னால் ஏன் சறுக்கினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கோல்காப்பாளர் காய்களைப் பார்க்கும்போது மற்றொரு மகிழ்ச்சி கிடைக்கும். 'ஹேப்' ஹோம்ஸ் என்ற பெயர் 1917இல் சியாட்டிலின் சிவப்பு–பச்சை–வெள்ளைப் பட்டைகளோடு இருக்கிறது. 1918இல் அதே பெயர் டொரண்டோவின் நீலத்தில். 1919இல் திரும்பவும் சியாட்டில். அச்சுப்பிழை என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக்கொண்டு போக வேண்டாம். அவர் உண்மையிலேயே அப்படி இரு கரைகளுக்கும் போய்வந்தார். 1914இல் டொரண்டோ, 1917இல் சியாட்டில், 1918இல் டொரண்டோவின் புதிய லீக் அணி, 1925இல் விக்டோரியா என்று நான்கு அணிகளோடு கோப்பையை வென்ற கோல்காப்பாளர் அவர். இரு லீகுகளும் ஒருவர் ஆளை ஒருவர் பறித்துக்கொண்ட கதை முழுவதும் அந்த ஒரு காயின் நிறமாற்றத்தில் அடங்கிவிடுகிறது.

இனி குறைகள். 1919 தொடருக்கான கிழக்கு விதி ஆட்டங்களையும் கோடுகள் இல்லாத பலகையில்தான் ஆடச் சொல்கிறது கையேடு. இது பிழை. 1918–19 பருவத்தின் தொடக்கத்திலேயே என்.எச்.எல். நீலக் கோடுகளை ஏற்றுக்கொண்டு, நடுப்பகுதியில் வில்லையை முன்னால் தள்ள அனுமதித்துவிட்டது. மேற்கின் புதுமைகளைக் கிழக்கு ஒவ்வொன்றாகச் சுவீகரித்துக்கொண்ட வரலாற்றில் இது முக்கியமான படி. இதை விட்டுவிட்டால், 1918இல் இரு விதிகளுக்கும் இடையே இருந்த பள்ளம் 1919இல் பெருமளவு தூர்ந்துபோயிருந்தது என்பது ஆடுபவருக்குத் தெரியாமலே போய்விடும். 1919இல் மிஞ்சியிருந்த பெரிய வேறுபாடு ஏழாவது ஆள்தான். பலகையின் மேற்குப் பக்கத்தை அப்படியே பயன்படுத்தினாலும் சரியாகாது, ஏனென்றால் மேற்கே தளத்தை மூன்றாக வகுத்திருந்தார்கள்; கிழக்கே நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 20 அடியில் கோடு போட்டு 40 அடி நடுப்பகுதியை மட்டும் உருவாக்கினார்கள். ஒரு கட்டத்தைச் சுமார் பத்தடி என்று கொண்டு, கிழக்குப் பக்கத்தில் நடுக்கட்டத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு கட்டம் தள்ளி நீல நூலைக் குறுக்கே கட்டி ஆடிப் பார்த்தேன். ஆட்டம் உடனே நேராகிவிட்டது; கிழக்கு விதியில் கோல்கள் கூடுகின்றன, ஆனால் மேற்கு விதி அளவுக்குக் கூடவில்லை. 1920 தொடருக்கும் இதே திருத்தம் தேவை. அடுத்த பதிப்பில் இரண்டு மெல்லிய நீலப் பட்டைகளைப் பெட்டியில் சேர்த்துவிட்டால் போதும். பலகையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது குறையைப் பற்றி எழுதும்போது குரலைத் தாழ்த்த எனக்கு விருப்பமில்லை. 1919 மார்ச்சில் கனடியன்ஸ் மீண்டும் சியாட்டிலுக்கு வந்தது. சியாட்டில் 7–0 என்று தொடங்கியது. இரண்டாம் ஆட்டத்தில் லலோண்ட் நான்கு கோல்களையும் தாமே அடித்து 4–2 என்று சமன்செய்தார். மூன்றாவது மீண்டும் சியாட்டிலுக்கு, 7–2. நான்காம் ஆட்டத்தில் ஒரு பக்கம் ஜார்ஜ் வெசினா, மறுபக்கம் ஹோம்ஸ். கூடுதல் நேரம் ஆடியும் இருவரில் ஒருவரும் இடம் கொடுக்காமல் 0–0 என்று முடிந்தது. ஐந்தாம் ஆட்டத்தில் மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த கனடியன்ஸ், கூடுதல் நேரத்தில் ஜாக் மெக்டொனால்டு அடித்த கோலால் 4–3 என்று வென்றது. ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒன்று சமன். அதற்குள் இன்ஃபுளுயன்சா கனடியன்ஸ் அணிக்குள் புகுந்துவிட்டது. ஜோ ஹால் ஐந்தாம் ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினார். லலோண்டும் மெக்டொனால்டும் உட்பட மேலும் பலர் காய்ச்சலில் படுத்தார்கள். அணியின் மேலாளர் ஜார்ஜ் கென்னடியும் விழுந்தார். ஏப்ரல் 1ஆம் தேதி நடக்க வேண்டிய தீர்மான ஆட்டம் சில மணி நேரங்களுக்கு முன் கைவிடப்பட்டது. ஆள் இல்லாத அணி தோற்றதாகக் கருதிக் கோப்பையை எடுத்துக்கொள்ள சியாட்டிலின் பயிற்சியாளர் பீட் மல்டூன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 5ஆம் தேதி சியாட்டில் மருத்துவமனையில் நிமோனியாவால் ஜோ ஹால் இறந்தார்.

இந்தத் தொடருக்கான சீட்டுக்கட்டில் காய்ச்சல் சீட்டு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது வந்தால் தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய கனடியன்ஸ் காயை எடுத்துவிட வேண்டும். அப்படி மீதமிருக்கும் காய்களோடு ஆறாம் ஆட்டத்தை ஆடி, வென்றவருக்கு 1919ஆம் ஆண்டுக் கோப்பையைக் கொடுக்கச் சொல்கிறது கையேடு. இதை நான் ஏற்கவில்லை. அதே கொள்ளைநோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் மாண்டுபோனார்கள். காவிரிக் கரையில் இருக்கும் நாம் அதை எங்கோ நடந்த கதையாக எடுத்துக்கொள்ள முடியாது. உண்மையில் இறந்த ஒரு மனிதரைக் கட்டை உருட்டி வெளியேற்றும் காயாக ஆக்குவது தவறு. அதைவிட முக்கியமாக, எதிராளி நோயில் கிடக்கும்போது வெற்றி வேண்டாம் என்று மல்டூன் எடுத்த முடிவுதான் அந்தத் தொடரின் மிகப் பெரிய செயல். அதை ஆறாம் ஆட்டம் ஒன்றை இட்டுக்கட்டி அழித்துவிடுகிறார்கள். 1948இல் கோப்பையைப் புதுக்கியபோது அதில் மாண்ட்ரியல் கனடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் என்ற இரு பெயர்களையும் பொறித்து, தொடர் நிறைவுறவில்லை என்று எழுதினார்கள். கோப்பையே ஒப்புக்கொண்ட முடிவை ஒரு பெட்டி திருத்தக் கூடாது. நாங்கள் காய்ச்சல் சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டோம். ஐந்து ஆட்டங்கள் ஆடி, சமநிலை வந்தால் அத்தோடு காய்களைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். பட்டறைக்காரர்களிடம் இந்தக் கருத்தைக் கடை மூலம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே தொடரில் அவர்கள் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்வது நியாயம்: சியாட்டில் பட்டியலில் மோரிஸ் இல்லை. ராணுவ அழைப்பைத் தட்டிக்கழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானதால் அவர் அந்தத் தொடரில் ஆடவில்லை; 1920க்குத்தான் திரும்பினார். பெட்டியிலும் அப்படியே.

1920ஆம் ஆண்டுத் தொடர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டாவாவின் பட்டை உடையும் சியாட்டிலின் பட்டை உடையும் ஒன்றுபோல் தோன்றியதால் ஒட்டாவா வெள்ளையில் ஆடியது. காய்களும் வெள்ளையாக இருக்கின்றன. இயற்கைப் பனி இளகிப்போனதால் கடைசி இரண்டு ஆட்டங்களை டொரண்டோவின் செயற்கைப் பனி அரங்குக்கு மாற்றினார்கள். அதற்காக முதல் மூன்று ஆட்டங்களில் நகர்வு எண்ணில் ஒன்றைக் கழிக்க வைத்திருக்கிறார்கள். ஆட்டம் மந்தமாகிறது, ஆனால் காரணத்தோடு மந்தமாகிறது. ஐந்தாம் ஆட்டம் உண்மையில் 6–1 என்று ஒட்டாவாவுக்குப் போனது.

வேலைப்பாட்டில் பலகையும் வில்லையும் சிறப்பு. பலகை நன்கு காய்ந்த பலாமரம்; மேலே தீட்டியிருக்கும் வெள்ளை, கை பட்டால் அழுக்கேறாதபடி மெருகு ஏற்றப்பட்டிருக்கிறது. வில்லையின் விளிம்பு முழுதும் மெல்லிய வரிகள் கடைந்திருப்பதால் விரலில் வழுக்குவதில்லை. வெள்ளைக் கட்டங்களின் மேல் அது சறுக்கி நிற்கும் ஓசை கேட்கவே நன்றாக இருக்கிறது. காய்களில் சியாட்டிலின் மூவண்ணப் பட்டைகள் சுற்றிலும் கோணாமல் வந்திருக்கின்றன; கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு அரக்கு ஏற்றும் பழைய கைப்பழக்கம் இல்லாமல் இது வராது. கனடியன்ஸின் நீலமும் டொரண்டோவின் நீலமும் விளக்கொளியில் ஒன்றுபோல் தெரிகின்றன. இரண்டும் ஒரே தொடரில் வருவதில்லை என்பதால் தொல்லை இல்லை. சீட்டுகளின் தாள் மட்டும் மட்டமானது. ஐப்பசி மழையில் நம் பக்கத்து வீடுகளில் சுவரே ஈரம் கோர்க்கும்போது இந்தச் சீட்டுகள் ஓரம் சுருண்டுவிடுகின்றன. கெட்டி அட்டையில் அச்சிட்டு மேலே மெழுகுப் பூச்சு கொடுத்தால் இன்னும் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டாலும் தரலாம். எங்கள் பெட்டியில் வான்கூவர் காய் ஒன்றில் விரிசல் இருந்தது. கடையில் காட்டியதும் மறுகேள்வி இல்லாமல் வேறு காய் வரவழைத்துக் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்து ஆடிக்காட்டிய பிறகே பணம் வாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விலையில் ஒரு பொருளை வாங்குபவருக்கு அது பெரிய உதவி.

கையேடு 24 பக்கங்கள். எழுத்து தெளிவு, படங்கள் போதுமானவை. வரலாற்றுப் பகுதி நான்கு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. லெஸ்டர், ஃபிராங்க் பேட்ரிக் சகோதரர்களுக்கு அதில் ஒரே பத்தி ஒதுக்கியிருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. நீலக் கோடு, உடையில் எண், பெனால்டி ஷாட், விழுந்து தடுக்கும் உரிமை என்று இன்றைய ஆட்டத்தின் பாதி அவர்களுடைய லீகில் முளைத்து வளர்ந்தது. 1924இல் அந்த லீக் முடிந்து, அதில் மிஞ்சிய அணிகள் சேர்ந்த மற்றொரு மேற்கு லீகும் 1926இல் கலைந்து அதன் வீரர்களை என்.எச்.எல். விலைகொடுத்து வாங்கிக்கொண்ட பிறகு கோப்பை முழுமையாகக் கிழக்கு லீகின் கைக்குப் போனது. ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டம் மேற்கிலிருந்து வந்தது. இதை ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆடலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு முன்னால் தள்ளும் விதி குழப்பும். ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், தொடர் முழுவதையும் ஒரே மூச்சில் ஆட முயலாமல் ஒரு வாரத்துக்குப் பரப்பிக்கொள்வது நல்லது. முதலில் 1918, பிறகு 1917, நீல நூல் கட்டிக்கொண்டு 1920, கடைசியாகக் காய்ச்சல் சீட்டு இல்லாத 1919 என்ற வரிசையில் ஆடினால் விதிகள் தாமாகவே படிந்துவிடும். அடுத்து 1921 முதல் 1925 வரையிலான தொடர்களுக்கு இன்னொரு பெட்டி செய்யும் எண்ணம் பட்டறைக்கு இருப்பதாகக் கடையில் சொன்னார்கள். அது வந்தால், ஒட்டாவாவின் கிங் கிளான்சி 1923இல் ஒரே ஆட்டத்தில் கோல்காப்பாளர் இடம் உட்பட எல்லா இடங்களிலும் ஆடியதற்கும், 1925இல் விக்டோரியா கூகர்ஸ் கனடியன்ஸை 3–1 என்று வென்று என்.எச்.எல். அல்லாத லீகிலிருந்து கோப்பையைக் கைப்பற்றிய கடைசி அணியானதற்கும் என்ன விதி வகுக்கிறார்கள் என்று பார்க்க இப்போதே முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன்.